அவுன்ஸ் கிளாஸும் ஒரு பழைய ஃபியட்டும்

பழைய கார் இன்ஜினை வேகமாக ஓட வைப்பது எப்படி என்று இந்தப் பக்கத்தில் எழுத ஒருத்தி வந்துவிட்டாளே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். மோர்க்குழம்பும் பிள்ளைகளின் வயிற்றுவலியும் எழுதவேண்டிய இடம் இது. ஆனால் என் சமையலறைச் சாமான்களில் பாதி அந்த இன்ஜினுக்குப் போய்த் திரும்பியவை. சில திரும்பாமலே போனவை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டில் அப்பாவும் பிள்ளையுமாகப் பழைய ஃபியட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ, இதோ" என்று பதில் வருகிறதே தவிர ஆள் வரவில்லை. அப்போது மருமகள் கூடத்திலிருந்து கேட்டாள்: "அத்தை, குட்டிக்கு மருந்து குடுக்கிற சிரிஞ்சைக் காணோமே, பாத்தீங்களா?"

எனக்குக் கை கால் எல்லாம் வெலவெலத்துப் போயிற்று. அவளுக்குக் காரணம் தெரியாது. தெரியாமல் இருக்கவேண்டும் என்று நானே தான் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஃபியட் 1100 அறுபதுகளில் வந்த வண்டி. 1982-ல், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், இவர் அதை மூன்றாம் கையாக வாங்கி வந்தார். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். இன்ஜின் 1089 சி.சி. குதிரைத்திறன் ஏறக்குறைய நாற்பது. நாலு பேர் உட்கார்ந்து மேம்பாலம் ஏறினால் முனகும். "போதாதா? நாம என்ன ரேஸுக்கா போகப் போறோம்?" என்றேன். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அடுத்த வருஷம் சோழவரம் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தத் தலைமுறைக்குச் சோழவரம் என்றால் ஏரிதான் ஞாபகம் வரும். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் வருஷா வருஷம் அதில் ரேஸ் நடத்தினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும்வரை ரேஸ் என்றால் சோழவரம்தான். வெயில், தூசு, பெட்ரோல் வாசனை, காதைப் பிளக்கும் சத்தம். வடாம் காயப்போட்ட மாதிரி ஜனம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேகம் இல்லை. ஓடிய வண்டிகள் எல்லாம் நம் தெருவில் நிற்கிற ஃபியட், ஹெரால்ட், அம்பாஸிடர்! வெளிநாட்டு வண்டி இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. இருக்கிற இன்ஜினையே கழற்றி, சீவி, தேய்த்து, எடை குறைத்து, அதிலிருந்து இன்னும் பத்துக் குதிரையைக் கறந்துவிட வேண்டும் என்று ஊரில் ஒரு கூட்டமே அலைந்தது. இவரும் அதில் ஒருவர் என்பது பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை.

இவர் எனக்கு விளக்கினது இப்படித்தான்: "இன்ஜினுக்கு மூணே விஷயம். நல்லா மூச்சு இழுக்கணும், நல்லா அமுக்கணும், நல்லா வெளிய விடணும். மத்ததெல்லாம் அலங்காரம்."

இழுப்பதற்கும் விடுவதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்குள் வழிகள் இருக்கின்றன. வார்ப்பில் வந்தபடியே சொரசொரவென்று இருக்கும். அதை எமெரி பேப்பரால் தேய்க்கவேண்டும். புகை வெளியே போகிற வழியைக் கண்ணாடி மாதிரி ஆக்கலாம். காற்று உள்ளே வருகிற வழியை அவ்வளவு வழவழப்பாக ஆக்கக்கூடாதாம். பெட்ரோல் காற்றோடு கலந்து போகாமல் சுவரில் ஒட்டி வழியுமாம். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருகிற இடத்தில் ஒரு நூல் விளிம்பு தட்டினால்கூட மூச்சு தடைப்படும். எங்கே தட்டுகிறது என்று பார்க்க ஏதோ நீலச் சாயம் உண்டு. அது கிடைக்காததால் என் சாந்துப் பொட்டு பாட்டில் முழுசும் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை நான் குங்குமத்தோடு சமாளித்தேன்.

நாலு பிஸ்டனும் ஒரே எடையாக இருக்கவேண்டும் என்று மளிகைக்கடைத் தராசை இரவல் வாங்கி வந்து, எது லேசோ அந்த எடைக்கு மற்ற மூன்றையும் உள்பக்கம் அரம் போட்டுக் குறைத்தார். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து இளைக்க வைத்தார். பின் சீட்டைக் கழற்றினால் இன்னும் எடை குறையும் என்றபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தாலியில் ஃபியட் வண்டிகளை வேகமாக்கியே பெயர் வாங்கிய கார்லோ அபார்த் என்பவர், 1965-ல் ஒரு சாதனை வண்டிக்குள் நுழைவதற்காக ஆப்பிளைத் தின்றே 30 கிலோ இளைத்தாராம். இவரே சொன்ன கதைதான். "அப்ப சீட்டை விட்டுட்டு நீங்க இளைங்களேன்" என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

வால்வு தேய்க்கிற வேலையை மட்டும் நானே செய்தேன். நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த மரக்குச்சி ஒன்று. அதை வால்வின் தலையில் ஒட்டி, பசையைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டவேண்டும். தயிர் கடைகிற அதே வேலைதான்! எட்டு வால்வையும் நான் கடைந்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று அறுபடாமல் விழுந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். இவர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. "ஒர்க்‌ஷாப்ல இப்படிச் செய்யமாட்டான்" என்று இவர் சொன்னதை நான் அம்மாவுக்குக் கடிதத்தில்கூட எழுதினேன்.

மிச்சம் இருந்தது அமுக்குகிற வேலை.

ஒவ்வொரு சிலிண்டரிலும் 272 சி.சி. காற்று வருகிறது. பிஸ்டன் மேலே ஏறினதும் அது ஒரு சின்னக் குழிக்குள் அடங்கவேண்டும். அந்தக் குழி 40 சி.சி. என்று வைத்துக்கொண்டால், 312 சி.சி. இடத்தில் இருந்தது 40-க்குள் அடங்குகிறது. அதாவது 7.8 மடங்கு அமுக்கம். ஹெட்டின் அடிப்பாகத்தைச் சீவி அந்தக் குழியை 36 ஆக்கினால் எட்டரை மடங்கு. அதே பெட்ரோல், ஆனால் உதை அதிகம். 'பேஸிங்' என்று லேத்துக்காரர்கள் சொல்வது இதைத்தான். அளவு மீறினால் ஆபத்து. பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து இன்ஜின் 'கட கட'வென்று தட்டும், பிஸ்டன்கூட ஓட்டையாகும். அதனால் சீவுவதற்கு முன்னும் பின்னும் நாலு குழியும் எத்தனை சி.சி. என்று அளக்கவேண்டும். ஹெட்டைக் கவிழ்த்துச் சமமாக வைத்து, ஓட்டை போட்ட கண்ணாடியால் மூடி, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி நிரப்பவேண்டும். எவ்வளவு கொள்கிறதோ அதுதான் அளவு.

ஒரு சனிக்கிழமை காலை, 1984-ல், இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "அளவு போட்ட கிளாஸ் ஏதாவது இருக்கா?"

அவுன்ஸ் கிளாஸை எடுத்துக் கொடுத்தது நான்தான். பையனுக்கு ஒன்றரை வயசு. தினமும் கிரைப் வாட்டர் ஊற்றித் தருகிற கிளாஸ். "இனிமே இதுக்கு வேலை இல்ல, எடுத்துக்கோங்க" என்று சொன்னேன். அன்று காலைதான் கிரைப் வாட்டரை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். நான் முடிவு செய்தது பையனுக்கு எப்படித் தெரியும்?

பதினொரு மணி இருக்கும். லேத்துக்காரர் வாசலில் கூப்பிட்டார். இவர் மூன்றாவது குழியை அளந்துகொண்டிருந்தவர், கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நான் கிணற்றடியில் இருந்தேன். இருமல் சத்தம் கேட்டது. குழந்தை புரைக்கேறி இருமுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் பையன் கையில் அந்தக் கிளாஸ். காலி! வாயிலும் சட்டையிலும் மண்ணெண்ணெய் நாற்றம். அவனுக்கு அந்தக் கிளாஸ் என்றால் கிரைப் வாட்டர். தண்ணீர் மாதிரிதானே இருந்தது அதுவும்.

என் மாமியார் ஓடி வந்தார். "உப்புத்தண்ணி குடு, வாந்தி எடுக்கட்டும்!" நானும் உள்ளே ஓடி உப்பைக் கரைத்துவிட்டேன். எதிர்வீட்டில் நர்ஸாக இருந்த அக்கா ஒருவர், சத்தம் கேட்டு வந்தவர், டம்ளரை என் கையிலிருந்து தட்டிவிட்டார். "வாந்தி எடுக்க வைக்காதே! வயித்துல இருக்கிறது மேல வந்தா நுரையீரலுக்குப் போயிடும். ஒண்ணும் குடுக்காம உடனே தூக்கு." சொல்லிக்கொண்டே பையனின் நனைந்த சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தார். அந்த அக்கா அன்று லீவில் இல்லாமல் டூட்டிக்குப் போயிருந்தால்... வேண்டாம், இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை.

தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கே? நேரே ஷெட்டுக்கு! கார் இருக்கிறதே என்ற எண்ணம். அங்கே ஃபியட் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. பானெட் திறந்து, ஹெட் இல்லாமல், நாலு சிலிண்டரும் மேலே பார்த்தபடி. இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒரு வினாடி அந்த இன்ஜினைப் பார்த்தோம். ஒன்றும் பேசவில்லை. பிறகு இவர் ரோட்டுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவின் முன்னால் போய் விழாத குறையாக நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பையனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்து விழுந்து எழும்பியது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா நர்ஸ் அக்கா சொன்னதையேதான் சொன்னார்: மண்ணெண்ணெய் வயிற்றில் செய்கிற கெடுதலைவிட, ஒரு துளி நுரையீரலுக்குள் போனால் செய்கிற கெடுதல்தான் பெரிசு. முதலில் நன்றாக இருக்கிற குழந்தைக்கும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். அதனால்தான் விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது. இருமினாலும் இருமாவிட்டாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். இப்போது 108 இருக்கிறது. அன்று அதுவும் இல்லை.

இரண்டு ராத்திரி. நான் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று. மூன்றாம் நாள் காலை பையன் பால் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் இவரைப் பிடித்துக்கொண்டார். "பெத்த பிள்ளையைவிட ஒரு தகரம் பெரிசாப் போச்சா உனக்கு? குழந்தை கிளாஸைத் திருடிக்கொண்டு போயிருக்கிறாயே!" இவர் தலை குனிந்து நின்றார். 'அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாமியார் போய்ச் சேரும்வரை அந்தப் பழி இவர் மேலேயே இருந்தது. உறவுக்காரர் யார் வந்தாலும் கதையை ஆரம்பிப்பார். நான் காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

நாலு மாதம் இவர் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. ஹெட் பழைய வேஷ்டியில் சுற்றிக் கிடந்தது. புதுப்பேட்டையில் சிறுகச் சிறுகச் சேர்த்த சாமான்கள் துருப்பிடித்தன. சீட்டுப்பணம் அதில் போயிருக்கிறதே என்று எனக்கு ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். இன்னொரு பக்கம்... என்ன சொல்ல? மனுஷன் வாயைத் திறப்பதே இல்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், முடித்துவிடுங்கள் என்று. ஷெட்டுக்குக் கதவும் பூட்டும் போடவேண்டும், சாவி என்னிடம் இருக்கவேண்டும், சமையலறையிலிருந்து ஒரு ஸ்பூன்கூட வரக்கூடாது, இன்ஜினுக்கு முன்னால் பிரேக்கைப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றார். பிரேக்குக்கு மட்டும் முகம் சுளித்தார். வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்துவதை அப்படியே விட்டுவைத்தால் எப்படி என்று கேட்டேன். பதில் இல்லை.

ஹெட்டை லேத்தில் கொடுத்தபோது கொஞ்சம் அதிகமாகவே சீவிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைய சாதாரணப் பெட்ரோலுக்கு அந்த அமுக்கம் தாங்கவில்லை. ஏற்காடு மலையில் மூன்றாவது வளைவிலேயே 'கட கட' ஆரம்பித்துவிட்டது. பிறகு இரண்டு கேஸ்கட் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அமுக்கத்தைக் கொஞ்சம் இறக்கினார். அடுத்த தடவை இருபது வளைவையும் ஐந்து பேரோடு முனகாமல் ஏறியது. ரேஸுக்கு இவர் பெயர் கொடுக்கவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஹெட்டிலிருந்து இவர் சுரண்டி எடுத்த சாம்பல் நிறப் பொடி வெறும் கரி இல்லை. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தும்வரை நம் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்தப் பொடியிலும் ஈயம் உண்டு. வளரும் குழந்தையின் மூளைக்கு அது ஆகாது. நானோ இவருடைய அழுக்குச் சட்டையையும் பையனின் துணியையும் ஒரே வாளியில் ஊறவைத்திருக்கிறேன்! இன்றைக்கு உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காலத்து இன்ஜினைத் திறந்தால், ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள், ஊதவோ பெருக்கவோ வேண்டாம். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். கை கழுவாமல் பிள்ளையைத் தூக்க விடாதீர்கள்.

மருமகளிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். கிளாஸை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து. அவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நேரே ஷெட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தரையில் ஹெட் கவிழ்ந்து கிடந்தது. இந்தத் தடவை ஒழுங்காக ஆய்வுக்கூடத்து ப்யூரெட் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தான் என் பிள்ளை. குட்டியின் சிரிஞ்ச்? கேட்டதற்கு இரண்டு பேரும் முழித்தார்கள். அவர்கள் எடுக்கவில்லை. அப்புறம் பார்த்தால் அது குட்டியின் மெத்தைக்கு அடியிலேயே கிடந்தது.

"அம்மா, எனக்கா தெரியாது? எக்ஸ்ரேல இருந்தது என் நெஞ்சுதானே" என்று பிள்ளை சிரித்தான்.

நான் இவரைப் பார்த்தேன். "இவகிட்ட சொல்லிட்டேன், அன்னிக்குக் கிளாஸைக் குடுத்தது நான்தான்னு."

இவர் ப்யூரெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பது வருஷம் கழிச்சு இப்ப என்ன அதுக்கு? கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லு."

சாயங்காலம் ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து வழக்கம்போல என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மருமகளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள்.